ஷூ வெளியே இருந்தால் பேசக்கூடாது

என் மகள் பேசாமல் இருந்த காலத்தில் அவளுக்குக் கிடைத்த பாராட்டு, பேசுகிற எந்தப் பிள்ளைக்கும் கிடைத்திருக்காது. எங்கள் ஹவுஸ் ஓனர் அக்கா, ரூம் பார்க்க வருகிறவர்களை நேராக எங்கள் வாசலுக்குத்தான் கூட்டி வருவார். உள்ளே தரையில் உட்கார்ந்து டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் மகளைக் காட்டி, "இங்க பாரு, கொயந்த கீற வூடுதான் இது. எதுனா சத்தம் கேக்குதா? அப்படி ஒரு காம்பவுண்டு நம்மளுது" என்பார். வந்தவர்கள் அவளை எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அதன் பிறகு அட்வான்ஸ் பேச்சு சுலபமாக முடியும். நானும் பக்கத்தில் கரண்டியோடு நின்று, ஏதோ நானே சாதித்த மாதிரி சிரித்துக்கொண்டிருப்பேன்.

நாங்கள் இருப்பது வல்லம் வடகாலில். அக்கா வீட்டு வயலில் கம்பெனிகளுக்குப் போனது போக மிஞ்சிய துண்டு நிலத்தில், ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கட்டிய ரூம்கள். ஒரு சுவரை இரண்டு ரூம் பங்கு போட்டுக்கொள்ளும். குடும்பம் என்று நாங்கள் மட்டும்தான்; மற்ற ரூம்களில் எல்லாம் தெற்கத்திப் பையன்கள், ஒரகடம் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். பகல் என்பது எங்கள் காம்பவுண்டில் பாதிப் பேருக்கு இரவு.

அதனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. யார் போட்டது என்று தெரியாது, ஆனால் மீறியவர் கிடையாது. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர், முனையில் இரும்பு வைத்த கம்பெனி ஷூவைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுப் படுப்பார். ஷூ வெளியே இருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். அந்த வாசலைக் கடக்கும்போது பேசக்கூடாது, வாளியை இழுக்கக்கூடாது, செருப்பைக்கூடத் தேய்த்து நடக்கக்கூடாது. எழுந்ததும் ஷூவை உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். அப்போதுதான் அந்த வாசலுக்குப் பேச்சுரிமை திரும்பும். நல்ல சட்டம்தான். ஒரே ஒரு சிக்கல், ஏதாவது ஒரு வாசலில் ஷூ இருந்துகொண்டேதான் இருக்கும்.

என் மகள் தவழ ஆரம்பித்ததும் கற்றுக்கொண்ட முதல் பாடம் இந்த ஷூ. கம்பெனிக்கு விசுவாசமான குழந்தை. ஷூவைக் கண்டால் விரலை உதட்டில் வைத்துக்கொள்வாள். அக்கா தன் பங்குக்குப் போகும்போதும் வரும்போதும் குனிந்து, "கம்முனு இரு, இன்னா? தூங்கிக்கினு கீறாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். "சமத்து" என்று கன்னத்தைக் கிள்ளுவார்.

இது நடந்தது யார் வீட்டில் என்பதுதான் வேடிக்கை. நான் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் தெருக் குழாயடியில் பெண்கள் பேசிக்கொள்வதற்குப் பஸ்ஸில் போகிறவர்கள் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். கல்யாணத்துக்கு முன்பு செல்போன் பாகம் பூட்டுகிற கம்பெனியில் லைனில் நின்றபோது, பேசியதற்காக என்னை மட்டும் இடம் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள்; போன இடமெல்லாம் எனக்குப் புதுப் பேச்சுத்துணை கிடைத்ததுதான் மிச்சம். பிள்ளை வயிற்றில் வந்ததும் வேலையை விட்டேன். அப்படிப்பட்டவள் இந்தக் காம்பவுண்டில் கிசுகிசுத்தே குடும்பம் நடத்தினேன். விலைவாசியைப் பற்றிக்கூட ரகசியமாகத்தான் புலம்புவேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவருக்கு வேலை பிரஸ் ஷாப்பில். இரும்புத் தகட்டைக் கார் கதவாக அடித்துத் தள்ளுகிற இடம். அங்கே காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது, எல்லாம் கைதான். இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்தால் லைனை நிறுத்து. உள்ளங்கையால் உச்சந்தலையைத் தட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். பெருவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. அதே விரலைத் தூக்கினால் பீஸ் ஓகே. வீட்டிலும் சத்தம் கூடாதாகையால் அதே பாஷையிலேயே குடும்பம் நடந்தது. அவர் பெருவிரலைச் சாய்ப்பார், நான் டீ போடுவேன். சண்டை வந்தால் மணிக்கட்டைக் குறுக்கே வைப்பார். எனக்கு அது மட்டும் புரியாது.

மகளுக்கு எல்லாமே புரிந்தது. வயிறு நிறைந்தால் தோசைத் தட்டின் மேல் மணிக்கட்டைக் குறுக்கே வைத்து லைனை நிறுத்துவாள். தண்ணீருக்குப் பெருவிரல். அக்கா தூரத்தில் வந்தால் தன் உச்சந்தலையைத் தட்டி எனக்கு எச்சரிக்கை கொடுப்பாள். என் வீட்டுக்காரர் பூரித்துப்போவார். "பாரேன், பிறந்தப்பவே ஆப்பரேட்டராப் பிறந்திருக்கா" என்பார். அவள் கேட்டதெல்லாம் எங்களுக்குப் புரிந்தது, நாங்கள் சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. மூன்று வயதாகப்போகிற பிள்ளை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லையே என்று தோன்ற எங்கள் வீட்டில் யாருக்கும் இடமே இல்லை.

ஒரகடத்தில் ஒரு ப்ளே ஸ்கூலில் சேர்க்கப் போனோம். வாசலில் கார்ட்டூன் யானை வரைந்த ஸ்கூல். உள்ளே இருந்த மிஸ் மகளிடம் குனிந்து பெயர் கேட்டார். இவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி உச்சந்தலையைத் தட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மிஸ்ஸுக்கு வரவில்லை. மறுபடி கேட்டார். இவள் மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தாள்.

"பேச மாட்டாளா?" என்றார்.

"எல்லாம் புரிஞ்சுக்கிடுவா மிஸ்" என்றேன்.

"அம்மா அப்பான்னாவது சொல்லுவாளா?"

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அவள் என்னை ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. புடவையைப் பிடித்து இழுப்பாள், நான் திரும்பிவிடுவேன். இழுத்தவுடன் திரும்பிவிடுகிற அம்மாவுக்குப் பெயர் எதற்கு? மிஸ் தன்மையாகத்தான் பேசினார், டாக்டரிடம் காட்டச் சொன்னார், பேச ஆரம்பித்ததும் கூட்டி வரச் சொன்னார். ஷேர் ஆட்டோவில் வரும்போது அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் பிள்ளை கடைசிவரை பேசாமலே போய்விடுவாளோ என்று முதன்முதலாகப் பயந்தேன். அந்தப் பயம் அதற்குப் பிறகு என்னை விட்டு நகரவில்லை.

விஷயம் காம்பவுண்டில் பரவியதும் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. அதுவரை அவள் சமத்து, அன்றையிலிருந்து அவள் கேஸ். அக்கா வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து எடுத்து வந்தார். "எங்க வூட்டுக்காரரு அஞ்சு வயசு வரிக்கும் பேசலியாம். எங்க மாமியா இதத்தான் தடவினாங்களாம். இப்ப பாரு, நிறுத்த முடியல" என்றார். ஊரிலிருந்து என் மாமியார் போனில், கோயில் மணி நாக்கில் தேனைத் தடவிப் பிள்ளையை நக்க வைக்கச் சொன்னார். பக்கத்து ரூம் மதுரைத் தம்பி, பெரிய பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் தாமதமாகத்தான் பேசினார்களாம் என்று ஆறுதல் சொன்னான். வேடிக்கை என்னவென்றால், பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டும் என்கிற இத்தனை யோசனையையும் எல்லாரும் கிசுகிசுத்தே சொன்னார்கள். வெளியே ஷூ இருந்தது.

தண்டலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் காதைச் சோதித்தார்கள். அதில் என் மகள் டிஸ்டிங்ஷன். இருக்கிறதிலேயே சின்னச் சத்தத்துக்கும் திரும்பினாள். "சூப்பர் காது" என்றார் சோதித்தவர். இருக்காதா பின்னே, ரூமுக்குள் இருந்தபடியே எந்தத் தம்பி எழுந்தான் என்று கண்டுபிடிக்கிற காது.

பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். தெரபிஸ்ட் என்றார்கள். என் தங்கை வயதுதான் இருக்கும். மகளோடு தரையில் உட்கார்ந்து, பந்து உருட்டி, பொம்மைக்குச் சோறூட்டி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எப்படித் தண்ணீர் கேட்பாள் என்றார். நான் பெருவிரலைச் சாய்த்துக் காட்டினேன். நல்ல விஷயம்தான் என்றார், எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "சைகையை நிறுத்தாதீங்க. அதோட சொல்லையும் சேருங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் காத்திருந்து பாருங்க. நீங்க என்ன வேலை செஞ்சாலும் அதைச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. நாள் பூரா அவகிட்டப் பேசுங்க."

"வீட்ல சைகையிலயே இருந்ததாலதான் பேச்சு வரலியா?" என்று கேட்டேன்.

"இதனாலதான்னு ஒண்ணைச் சொல்ல முடியாதுங்க. சில பிள்ளைங்களுக்குத் தாமதமாகும். ஆனா பேச்சைக் கேட்டாத்தானே பேச்சு வளரும். வாரா வாரம் வாங்க, பாக்கலாம்."

நாள் பூரா பேசு என்று எனக்கு ஒருவர் மருந்து எழுதிக் கொடுப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அன்றைக்கே ஆரம்பித்தேன். தக்காளி நறுக்கினால், அம்மா தக்காளி நறுக்குறேன், சிவப்புத் தக்காளி, ஐயோ சொத்தைத் தக்காளி. துணி துவைத்தால், அப்பா சட்டை, அழுக்குச் சட்டை, எவ்வளவு அழுக்கு. கிரிக்கெட்டுக்குச் சொல்கிற மாதிரி வர்ணனை. மகள் என் வாயையே பார்த்துக்கொண்டு கூடவே வருவாள். வாரங்கள் போயின. ஒருநாள் தக்காளி என்று நான் சொன்னதும் அவளுடைய உதடும் அசைந்தது. மறுநாள் தண்ணிக்கு அசைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த தடவை தெரபிஸ்ட் அறைக்குள் நுழையும்போதே, "பேச ஆரம்பிச்சிட்டா மேடம்!" என்றேன்.

தண்ணீர் பாட்டிலைக் காட்டினார்கள். மகள் வாயைத் திறந்தாள், நாக்கை மடக்கினாள், உதட்டைக் குவித்தாள், அத்தனையும் அப்படியே இருந்தது. சத்தம்தான் இல்லை. டிவியை ம்யூட் பண்ணினது போல இருந்தது.

அந்தப் பெண் பாட்டிலைக் கீழே வைத்தார். "வீட்ல நீங்க இவகிட்ட எப்படிப் பேசுவீங்க? அப்படியே பேசிக் காட்டுங்க" என்றார். நான் காட்டினேன். அம்மா தக்காளி நறுக்குறேன், சிவப்புத் தக்காளி. முழுக்கக் கிசுகிசுத்தேன். ஷூ வெளியே இருக்கும்போது வேறு எப்படிப் பேசுவதாம்? அவர் வாயைப் பொத்திக்கொண்டார், அப்படியும் சிரிப்பு தோளில் தெரிந்தது. எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. "எங்க காம்பவுண்டுல ஒரு நாள் இருந்து பாருங்க மேடம், அப்பத் தெரியும்" என்றேன். அவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அவ உங்களை அப்படியே பிடிச்சிருக்கா. சொல்லெல்லாம் உள்ள போயிருக்கு. இனிமே குரலைக் கொடுங்க" என்றார்.

குரல் கொடுத்தேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்த குரல் அல்லவா, அணை திறந்த மாதிரி வந்தது. முதல் நாள் வெங்காயம் நறுக்குகிற வர்ணனைக்கே இரண்டு கதவு திறந்தது. "யக்கா, இப்பத்தான் கண் அசந்தேன்" என்று ஒரு தம்பி கெஞ்சினான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ராத்திரியெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற பையன். ஆனால் என் பிள்ளை வாயை அசைத்துச் சத்தமில்லாமல் தண்ணி கேட்டது என் கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுநாளும் பேசினேன். அதற்கு மறுநாளும் பேசினேன். அதிசயமாக, என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் வெளிச்சம் படக்கூடாது என்று துண்டால் தலையை, காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்திருப்பார். என் கஷ்டம் புரிந்து பொறுத்துக்கொள்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் அக்கா வந்தார். நல்ல மத்தியான வெயில். என் வாசலையும் சேர்த்து எல்லா வாசலிலும் ஷூ. நான் முற்றத்தில் துணி காயப்போட்டபடி, அப்பா லுங்கி, கட்டம் போட்ட லுங்கி என்று ஓங்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் கிளிப் டப்பாவோடு நின்றவள், என் புடவையை இழுத்து உச்சந்தலையைத் தட்டினாள்.

"இன்னாமா இது பேஜாரு?" என்றார் அக்கா. "பசங்க தூங்க வாணாமா? காலி பண்ணிக்கினு பூடுறேன்றானுங்கோ."

"பிள்ளைக்கு டாக்டர் பேசச் சொல்லியிருக்காங்கக்கா."

"கொயந்தைய பேச வைக்க சொன்னாங்களா, உன்ன பேச சொன்னாங்களா? சத்தம் போட்டுதான் ஆவணும்னா வேற வூடு பாத்துக்கோ. அது கம்முனு இருந்த வரிக்கும் எம்மாம் நல்லா இருந்திச்சு!"

கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் கையில் இருந்த ஈர லுங்கியை வாளியில் ஓங்கிப் போட்டேன். "நல்லா இருந்துச்சா? யாருக்கு நல்லா இருந்துச்சு? எம்பிள்ளைய ஊமையாக்கிட்டா உங்க ரூம் வாடகைக்குப் போகும், அம்புட்டுத்தானே? காட்சிப் பொருளால்லா வச்சிருந்தீங்க!" அக்காவும் சளைத்தவர் இல்லை. "யாரைப் பாத்து இன்னா பேசற? சோறு ஊட்டி வளத்தவ நானு!" என்றார். அது உண்மைதான், எத்தனையோ நாள் அவள் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டாள். ஆனால் சண்டையில் உண்மையை எல்லாம் யார் பார்க்கிறார்கள்? நான் எங்கள் ஊர்க் குழாயடிக் குரலை எடுத்தேன், அவர் வல்லம் வடகால் குரலை எடுத்தார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லுங்கியும் சிவந்த கண்ணுமாகத் தம்பிகள் வந்து நின்றார்கள். யாரும் விலக்கிவிடவில்லை, தூக்கம் போனதுதான் போயிற்று, பார்ப்போம் என்றிருந்தார்கள்.

மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்துக் காட்டினாள். நாங்கள் பார்க்கவில்லை. இன்னும் உயர்த்திக் காட்டினாள். லைன் நிற்கவில்லை.

"கம்முனு இரு!"

முற்றமே அதிர்ந்த மாதிரி ஒரு குரல். கொஞ்சம் கரகரப்பு. அது எங்கிருந்து வந்தது என்று புரியாமல் நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கீழே பார்த்தோம். அவள் கிளிப் டப்பாவைக் கட்டிக்கொண்டு, முகம் சிவந்து, ஒரு விரலால் எங்கள் வாசல் ஷூவைச் சுட்டிக்காட்டி மறுபடி கத்தினாள்.

"கம்முனு இரு! தூங்கினு கீது!"

பிள்ளை வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தைக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். வந்தது. என்னைப் பேசாதே என்று சொல்ல வந்தது. அதுவும் அச்சு அசல் அக்கா மாதிரியே வந்தது. என் தக்காளிக்கும் லுங்கிக்கும் அதில் பங்கே இல்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா என்றால் சந்தோஷம்தான், ஆனால் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "பேசிடுச்சுமா" என்றார், பழக்கதோஷம், கிசுகிசுத்துத்தான் சொன்னார்.

எல்லாக் கதவும் திறந்தும் எங்கள் கதவு மட்டும் மூடியே இருந்தது. நான் ஓடிப்போய்த் தட்டினேன், பிறகு உள்ளே போய் உலுக்கினேன். என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு எழுந்து, தலைத் துண்டோடு வாசலுக்கு வந்து நின்றார். "என்னங்க, பாப்பா பேசிட்டா!" என்றேன். அவர் என்னைப் பார்த்து, கூடியிருக்கிறவர்களைப் பார்த்து, கையை விரித்து என்ன என்று சைகை செய்தார். நான் இன்னும் கத்தினேன். அவர் துண்டை அவிழ்த்தார். பிறகு காதுக்குள் விரலை விட்டு ஒன்று, மற்றக் காதிலிருந்து ஒன்று, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு இயர் பிளக்கை உருவி எடுத்தார். பிரஸ் ஷாப்பில் கம்பெனி கொடுக்கிறது.

"என்னங்க இது? எப்ப இருந்து இந்தக் கூத்து?"

"ஏட்டி, பேச்சுலர் ரூம்ல இருந்தப்பவே பழக்கம். இது இல்லாம எனக்குத் தூக்கமே வராது" என்றார் அப்பாவியாக. "என்ன ஆச்சு, யாரு பேசினது?"

அவருடைய தூக்கத்துக்காக நான் குக்கரை விசில் வராமல் இறக்கியிருக்கிறேன். மகளின் வாயைப் பொத்தியிருக்கிறேன். இந்த மனுஷனுக்கு இடி விழுந்தாலும் கேட்டிருக்காது. வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை.

அவர் மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அப்பாவுக்குக் கேக்கலம்மா. இன்னொரு தடவை சொல்லு. என்ன சொன்ன?" என்று கெஞ்சினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், வெறும் காதைப் பார்த்தாள், வாயே திறக்கவில்லை. கிளிப் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் வாசலுக்குப் போனாள். அப்பாவின் ஷூவை லேஸைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போட்டாள். திரும்பி வந்து மற்றொன்றையும் போட்டாள். பிறகு அடுத்த வாசல். மதுரைத் தம்பி ஒதுங்கி வழி விட்டான். கனத்த ஷூ, அவளுக்கு மூச்சு வாங்கியது. உதவிக்குப் போன ஒரு பையனைக் கையை உதறித் தள்ளிவிட்டாள். ஆள் எழுந்தாயிற்று, ஷூ உள்ளே போக வேண்டும், சட்டம் சட்டம்தான். கடைசி வாசல் வரை போய் முடித்துவிட்டு முற்றத்தின் நடுவில் வந்து நின்று, வரிசையை ஒரு தடவை பார்த்தாள். அந்தக் காம்பவுண்டில் ஒரு வாசலில்கூட ஷூ இல்லாத பகலை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்பா" என்றாள், ஓங்கி.

அவர் முகத்தை மூடிக்கொண்டார். காதை அடைத்துக் கிடந்தவருக்குப் பரிசு, தொண்டை வறளப் பேசினவளுக்கு ஒன்றுமில்லை என்று நான் அழுகையோடு சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அம்மா என்ற சொல் வருவதற்கு மேலும் சில வாரம் ஆயிற்று.

இப்போதும் தெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன. இத்தனை நாளும் அவளுக்குப் பேச வராமல் இருந்ததா, எல்லா ஷூவும் உள்ளே போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாளா என்று அந்த தெரபிஸ்ட் பெண்ணிடம் கேட்டேன். ரெண்டும் இருக்கலாம் என்றார். அது எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. என் வீட்டுக்காரர் காம்பவுண்டு முழுக்க ஆரஞ்சு பிளக் கொடுத்திருக்கிறார். அக்கா எங்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை, வசம்புதான் வேலை செய்தது என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறார். ஆனால் ரூம் பார்க்க வருகிறவர்களை இப்போதெல்லாம் எங்கள் வாசலுக்குக் கூட்டி வருவதில்லை.